நீரா, காற்றா?

ஊரிலே கரும்பலகையின் முன் நின்று பாடஞ் சொன்ன நாம், சார்செலில் எமது மகனிடம் பாடங் கேட்க நேர்ந்தது 2019 ஆம் ஆண்டு யூலை மாதத்திலாகும். அம்மாதம் 25 ஆம் நாள் பாரிசில் வெப்பமானி 42.6 பாகையைத் தொட்டது. எமது தொடர்மாடி வீட்டில் மகனின் கணினி அன்று மும்முறை தானாகவே அணைந்தது.

மலிவான பாகங்களை வாங்கி அவனே பூட்டிய கணினி அது. செயலியை, அதனைச் செய்தோர் குறித்த வேகத்திலும் கூடிய வேகத்தில் ஓடவிட்டிருந்தான். ‘ஓவர்குளொக்கிங்’ எனப்படும் இது வசதி குறைந்தோரின் பழைய உபாயம். 1998 இல் வெளிவந்த இன்ரெல் செலரோன் 300ஏ என்ற மலிவான செயலியைப் பலர் 300 மெகாஹேர்ட்சிலிருந்து 450 இற்கு உயர்த்தி, விலையுயர்ந்த செயலிக்கு நிகராகப் பயன்படுத்தினர். ஆயின் வேகம் இலவசமாகக் கிடைப்பதில்லை. வேகத்தையும் மின்னழுத்தத்தையும் நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டினால், வெப்பம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூடிவிடும். செயலியோடு வந்த சிறு மின்விசிறியால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

“அப்பா, தண்ணியாலை குளிராக்கிற சாமான் ஒண்டு வாங்கித் தாங்கோ. நூறு யூரோதான் வரும்” என்றான்.

ஊரிலிருக்கும் அம்மாவின் மருந்துக்கென நாம் மாதந்தோறும் ஒதுக்கும் தொகை அது. மறுக்கவும் மனம் வரவில்லை. அவனது படிப்பு அக்கணினியிலேயே தங்கியிருந்தது.

“அந்தத் தண்ணி சூட்டை என்ன செய்யும், தம்பி?” என்று கேட்டோம்.

சுவரோரத்து ரேடியேற்றரைக் காட்டினான். கலைப்பட்டதாரியான எமக்கும் விளங்கிற்று. மாரியில் கொதிகலனின் சூட்டை நீர் சுமந்து வந்து எமது அறையில் இறக்குகின்றது. கணினியிலும் அவ்வாறே. சிறு பம்பி நீரைச் சுற்றவிட, அது செயலியின் சூட்டைத் தகடுகளுக்குக் கொண்டுசெல்லும். மின்விசிறி அதனை அறைக்குள் தள்ளும். சூடு அழிவதில்லை, இடம் மாறுகின்றது. மண்பானையில் நீர் கசிந்து ஆவியாவதால் அறையினும் குளிர்கின்றது. மூடிய குழாயில் ஓடும் நீருக்கு அவ்வழி இல்லை. அறை 35 பாகையெனில், நீராயினும் காற்றாயினும் செயலியை அதற்குக் கீழே குளிர்விக்க இயலாது.

சனிக்கிழமை லாச்சப்பலில் காய்கறி வாங்கிய பின், கணினிக் கடைகளுக்குப் பெயர்போன றூ மோன்கலேக்குச் சென்றோம். வெப்பக்குழாய்களும் பெரிய விசிறியும் கொண்ட காற்றுக் குளிரூட்டி, நீர்த்தொகுதியின் மூன்றிலொரு விலைக்குக் கிடைத்தது. அதிலே பழுதாகக் கூடியது விசிறி ஒன்றே, மாற்றுவதும் எளிது. நீர்த்தொகுதியிலோ பம்பி தேயும். ஒழுகினால் முழுக் கணினிக்கும் கேடு. பெருஞ்செயலிகளை இடைவிடாது உழைக்க விடுவோர்க்கு நீர் உகந்ததாகலாம். மலிவுக்காக வேகங்கூட்டுபவன் நீருக்குப் பணத்தைக் கொட்டினால், மிச்சம்பிடித்தது எங்கே?

இக்கேள்வியைக் கேட்டு மகன் சிரித்தான். வீடு திரும்பியதும் தானாகவே மின்னழுத்தத்தையும் ஒரு படி குறைத்தான். பின்னர் கணினி அணையவில்லை. அம்மாவுக்குரிய பணத்தில் குறைந்ததை அடுத்த மாதமே ஈடுசெய்தோம்.

பெற்றோரே, பிள்ளை ஒரு பொருளைக் கேட்டால், வேண்டாமென்று சொல்லுமுன் அது எவ்வாறு இயங்குகின்றது என்று கேளுங்கள். தீர்ப்பை அநேகமாகப் பிள்ளையே சொல்லிவிடும்.