19 அங்குலச் சட்டம்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று, வள்ளியூர்ப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நில்லாமல், புழுதியையும் வாரி வந்து எமது ஆலயத்தின் சக்கிறீஸ்து அறையில் சேர்த்துவிடும். அங்கே பழைய அலமாரியின்மீது ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த ஒலிபெருக்கிக் கருவிகள், வெப்பம் வெளியேற வழியின்றித் திருப்பலியின் நடுவே கரகரப்பதும் ஊமையாவதுமாக இருந்தன. கருவிகளைத் திருகிப் பொருத்தும் இரும்புச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுமாறு விவரம் அறிந்த ஒருவர் கூறினார்.

ஆலயத்துச் சன்னல் கம்பிகளைப் பற்றவைத்துத் தரும் பட்டறைக்காரரை அழைத்தோம். "அண்ணாச்சி, 19 அங்குல அகலம். உலகம் முழுதும் அதுதான் அளவு" என்று எல்லாம் தெரிந்தவர்போல் கூறினோம்.

ஒரு வாரத்தில் சட்டம் வந்தது. நேர்த்தியாக வண்ணம் பூசப்பட்டு, இரு தூண்களுக்கிடையே இம்மியும் பிசகாமல் 19 அங்குல இடைவெளி! கருவியைத் தூக்கி வைத்தால், அதன் முகத்தகட்டின் இரு காதுகளும் எதிலும் பதியாமல் உள்ளே போய்விட்டன. கோவில்பிள்ளையும் பாடகர் குழுவினரும் பார்த்து நிற்க, நாம் கடிந்து பேசிவிட்டோம். அவர் தம் அளவுநாடாவை மீண்டும் ஒருமுறை வைத்துப் பார்த்து, "நீங்க சொன்ன அளவுதானே சாமி இருக்கு" என்றார். கூலி கேட்காமலே சென்றுவிட்டார்.

அன்றிரவுதான் படித்தோம். தொலைதூரக் கம்பிகளில் மங்கிப்போகும் குரலுக்கு வலுவூட்டும் கருவிகளை நெருக்கமாக அடுக்குவதற்காக, 1922 வாக்கில் அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் நிலைப்படுத்திய அளவு இது. 19 அங்குலம் என்பது முகத்தகட்டின் அகலம். தூண்களுக்கிடையே வேண்டிய இடைவெளியோ ஏறத்தாழ 17¾ அங்குலமே. உயரம் 1¾ அங்குல அலகுகளாகப் பகுக்கப்படுகிறது. ஓர் அலகுக்கு மூன்று துளைகள். அவையும் சம தூரத்தில் அமைவதில்லை. ⅝, ⅝, ½ அங்குலம் என மாறி மாறி வரும். இந்த ஒழுங்கினாலேயே எந்த நாட்டில் எவர் செய்த கருவியும், சிறுசேரியின் தரவு மையமாயினும் எமது சக்கிறீஸ்து ஆயினும், சட்டத்தில் அமர்ந்துவிடுகிறது. தமிழில் 'சட்டம்' நெறியையும் குறிக்கும், கட்டுமானத்தையும் குறிக்கும். நாம் முன்னதைப் படிக்காமல் பின்னதைக் கேட்டிருக்கிறோம்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் பட்டறைக்குச் சென்றோம். பிழை எம்முடையதென்று, அங்கு வேலைசெய்த பையன்கள் காதில் விழும்படியே கூறினோம். மன்னிப்பைப் பற்றி மறையுரையாற்றிப் பழகிய நாக்கு, பட்டறை வாசலில் எளிதில் புரளவில்லை. அவர் அதற்கு மறுமொழி ஏதும் கூறாமல், நாம் குறித்துச் சென்ற தாளை வாங்கிப் பார்த்தார்.

"இந்த ரெண்டு துளை மட்டும் ஏன் சாமி நெருங்கி இருக்கு?"

நெருங்கிய இரு துளைகளின் நடுவேதான் ஓர் அலகு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று விளக்கினோம்.

"அப்போ வயக்காட்டு எல்லைக்கல்லு மாதிரி" என்றார். படித்த எமக்கு அது தோன்றவில்லை.

இரண்டாவது சட்டத்தில் கருவிகள் யாவும் அச்சாகப் பொருந்தின. அதற்குரிய கூலியையும் பெற்றுக்கொண்டார். முதல் சட்டத்துக்கான பணத்தை மட்டும், இருமுறை கொடுத்தனுப்பியும், இன்றுவரை வாங்கவில்லை. அதன் குறுக்கே பலகைகள் பொருத்தி மெழுகுதிரிக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறோம்.