செப்புச் சட்டியும் சங்குப்பூத் தண்ணீரும்

ஜூன் 9, திங்கள்

மகள் கலர் சார்ட் ஒன்று வாங்கிவந்து கூடத்தில் மாட்டியிருக்கிறாள். மூன்றரை வயதுப் பேரனுக்காம். ஆப்பிள் சிவப்பு, வாழைப்பழம் மஞ்சள், திராட்சை ஊதா. சேரன்மகாதேவியில் குடியிருந்துகொண்டு வாழைப்பழம் மஞ்சள் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கடைத்தெருவில் செவ்வாழை தொங்குகிறது. பச்சைப்பழம் பழுத்தும் பச்சையாகத்தான் இருக்கிறது. ஏத்தன் நன்றாகக் கனிந்தால் தோல் கறுத்துவிடும்.

சார்ட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் எல்லாம் "ஏல மக்கா, இது என்ன கலரு, சொல்லு பாப்போம்" என்று பரீட்சை வைப்பதுதான் ஆகவில்லை. இன்று அவன் நீல வாளியைப் பச்சை என்றான். மகள் முகம் வாடிவிட்டது. சார்லஸ் டார்வினே இதில் பயந்திருக்கிறார். தம் பிள்ளைகளுக்குச் சாமான்களின் பெயரெல்லாம் தெரிந்த பிறகும் நிறத்தின் பெயர் மட்டும் சரியாக வரவில்லை, நிறக்குருடோ என்று நினைத்தேன், பிறகு அது வீண் பயம் என்று தெரிந்தது என 1877இல் எழுதினார். பந்தைக் கையில் பிடித்துக் காட்டலாம். சிவப்பை எப்படிப் பிடித்துக் காட்டுவது? அது பந்திலும் இருக்கிறது, மிளகாய் வற்றலிலும் இருக்கிறது, ஆச்சியின் சேலைக் கரையிலும் இருக்கிறது. கொஞ்ச நாள் பிடிக்கத்தான் செய்யும்.

ஜூன் 11, புதன்

தையல்கடையில் வெட்டுத்துணி ஒரு பை நிறைய வாங்கிவந்தேன். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். துணித்துண்டில் நிறம் பழக்கத்தான். வழி கல்வியாளர் மரியா மாண்டிசோரி காட்டியது. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். யுத்தம் மூண்டுவிட, 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார். அவருடைய நிறப்பலகைகளில் முதல் பெட்டியில் மூன்றே ஜோடிகள்தான்: சிவப்பு, மஞ்சள், நீலம். இரண்டாவதில் 11 ஜோடி. மூன்றாவதில் ஒன்பது நிறங்கள், ஒவ்வொன்றிலும் ஏழு சாயல். ஒரே நாளில் பன்னிரண்டு நிறத்தை அடைக்கிற சார்ட்டுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

நானும் மூன்று நிறத்தில் இரண்டிரண்டு துண்டு வெட்டினேன். முதலில் பெயரே சொல்லவில்லை. "இதுக்கு ஜோடி எங்க?" அவ்வளவுதான். பொருத்தி முடித்த பிறகு பெயர். அப்புறம் "சிவப்பை எடுத்துட்டு வா". "இது என்ன?" என்ற கேள்வி கடைசியில். நம் வீடுகளில் கடைசிப் படியில் ஆரம்பித்து அதற்கு முந்தைய படிகளையெல்லாம் விட்டுவிடுகிறோம்.

இன்னொன்று. "சிவப்புப் பந்து" என்பதைவிட "பந்து சிவப்பா இருக்கு" என்று சொன்னால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள் என்று மைக்கேல் ராம்ஸ்கர் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 2010இல் காட்டினார்கள். கண் முதலில் பந்தில் நிற்கிறது, பிறகு வருகிற சொல் அதன் நிறத்தில் போய் உட்காருகிறது. அவர்கள் சோதித்தது ஆங்கிலத்தில். நமக்கு அந்தப் பேச்சு வாயில் தானாக வருகிறது, செலவில்லாத வைத்தியம்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று அடுக்களையில் திருவிழா. வெள்ளைக் கிண்ணத்தில் மஞ்சள்தூள் கரைத்து வைத்தேன். வெற்றிலைச் சுண்ணாம்பை மொச்சை அளவு கிள்ளி, நானே போட்டுக் கலக்கினேன். மஞ்சள் தண்ணீர் கலங்கிச் செக்கச்செவேல் என்றானது. "ஆரத்தி!" என்று கத்தினான், சித்தி கல்யாணத்தில் பார்த்திருக்கிறான். பிறகு எலுமிச்சம்பழத்தை அவன் கையிலேயே கொடுத்துப் பிழியச் சொன்னேன். சிவப்பு இறங்கித் திரும்ப மஞ்சள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் பழையபடி ஆகும். அவனுக்கு அந்த விவரம் வேண்டாம். "இன்னொருக்கா ஆச்சி" என்பதுதான் வேண்டும்.

கொல்லையில் பூத்த சங்குப்பூவை வெந்நீரில் போட்டு வடித்தோம். அசல் நீலம். அதிலும் எலுமிச்சை விட, ஊதா வந்தது. இன்னும் கொஞ்சம் விட, ரோஸ் பக்கம் சாய்ந்தது. வாளியைப் பச்சை என்றவன், யாரும் கேட்காமலே "நீலம் போயிட்டு" என்றான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். கண்ணில் தெறித்தால் கருவிழியே வெந்துபோகும். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசிக்கொண்டே இருந்து, அப்படியே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டும்.

ஜூன் 28, சனி

பத்தமடை போனோம். ஆற்றங்கரைக் கோரையை நீரில் ஊறப்போட்டு, காயவைத்து, கீறி, சாயம் ஏற்றி நெய்கிற ஊர். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருவார்கள். முன்பு பதிமுகக் கட்டையைக் காய்ச்சிச் சிவப்பு எடுத்தார்கள், இப்போது பெரும்பாலும் கடைச்சாயம். சாயம் தோய்ந்த கோரைத்துண்டு ஒரு கைப்பிடி கேட்டு வாங்கினேன். களிமண் உருண்டையில் சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று என்று மாற்றி மாற்றிக் குத்தவைத்தால் வரிசை படிகிறது. வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும் வழியில் கார் நாற்றங்கால் இளம்பச்சை, பக்கத்தில் வாழைத்தோட்டம் கரும்பச்சை. "ரெண்டும் பச்சைதானா ஆச்சி?" என்றான். மாண்டிசோரியின் மூன்றாவது பெட்டி வயலில் விரிந்து கிடந்தது. பிளவுஸ் பிட்டுக்கு மேட்சிங் பார்த்துக் கடைக்காரரைப் படுத்துகிற அவன் அம்மாவின் கண் இவனுக்கும் வந்தால் சரி.

ஜூலை 6, ஞாயிறு

பரணில் இருந்த அம்பாசமுத்திரம் செப்புச் சாமானை இறக்கினேன். கடைசலில் மரம் சுற்றும்போதே கலர் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உரசுகிற சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். சிவப்புச் சட்டியில் மஞ்சள் வளையம், பச்சை மூடி. இதற்கு மேல் ஒரு பாடச்சாமான் வேண்டுமா? மூடிக்கு மூடி பொருத்தி மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தான்.

அதே பெட்டியில் பழைய பல்லாங்குழிக் குன்றிமணியும் இருந்தது. சிவப்பில் கறுப்புப் பொட்டு, நிறம் பிரிக்க அம்சமாக இருக்கும். ஆனால் அதற்குள் இருப்பது கொடிய விஷம். கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. எடுத்து அப்புறப்படுத்தினேன். புளியமுத்தும் சோழியும்கூட மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கும்.

இதைப் படிக்கிற தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பெயரை மாற்றிச் சொல்வதற்காகக் கவலைப்படாதீர்கள். நாலைந்து வயதான பிறகும் சிவப்புத்துணிக்கும் பச்சைத்துணிக்கும் ஜோடி சேர்க்கவே தடுமாறினால், அதுவும் ஆண்பிள்ளையாக இருந்தால், கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நிறக்குருடு பெரும்பாலும் தாய்வழியில் ஆண்பிள்ளைகளுக்கு வருவது. முன்கூட்டியே தெரிந்தால் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் சொல்லி வைக்கலாம்.