வெற்றிடமும் எழுத்தே

பழந்தமிழ் நூல்களையும் பழைய சிற்றிதழ்களையும் கணினிக் கோப்புகளாக்கும் நண்பர்கள் பலர் இன்று எக்ஸ்.எம்.எல். வடிவத்தை நாடுகின்றனர். நூறாண்டு கழித்தும் படிக்கத்தக்க வடிவம் என்பது அதன் பெருமை. ஆயினும், கோப்பை ஏற்றுமதி செய்யும் வேளையில் வெற்றிடங்களும் வரி முறிவுகளும் என்னவாகின்றன என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. கவிதையைக் கையாள்வோர் கவனித்தே ஆகவேண்டும்.

அச்சில் வெற்றிடம் என்பது மை படாத இடம். கணினிக்கோ அதுவும் எழுத்துதான். 1998இல் வெளியான எக்ஸ்.எம்.எல். விதிநூல் நான்கு குறிகளை வெற்றிடமாக வரையறுக்கிறது: சொல்லிடைவெளி, டேப், வரி முடிவுக்கான இரு குறிகள். விண்டோஸ் கணினி வரி முடிவில் இரு குறிகளையும் இடும். யூனிக்ஸ் வழிவந்தவை ஒன்றை மட்டும் இடும். கோப்பைப் படிக்கும் நிரல் அவ்வேறுபாட்டை நீக்கி ஒரே குறியாக்கிவிடும். இதனால் கேடில்லை. ஆனால் ஓர் உறுப்பின் பண்பாக எழுதிய மதிப்புக்குள் வரி முறிவு இருந்தால், அது வெறும் இடைவெளியாக மாறிவிடும். கவிதையின் முதலிரு அடிகளைத் தலைப்புப் பண்பாகச் சேமித்தால், மறுமுறை திறக்கும்போது அவை ஒரே வரியாய் நிற்கும்.

இதனினும் பெரிய இடர், கோப்பை அழகுபடுத்தும் உள்தள்ளல் வசதியில் உள்ளது. சுவடியில் 'கடல்' என்னும் சொல்லின் நடுவெழுத்து சிதைந்திருக்க, 'ட' என்பதை ஊகித்து நிரப்பி, அதற்கு மட்டும் தனிக்குறி இட்டோம் எனக் கொள்வோம். உள்தள்ளும் நிரல் ஒவ்வொரு துண்டையும் தனி வரியில் வைத்தால், மீண்டும் சேர்க்கும்போது 'க ட ல்' என்று மூன்றாகப் பிரிந்து வரும். எழுத்தும் குறியும் கலந்த பகுதியில் உள்தள்ளல் பொதுவாகப் பாதுகாப்பானதன்று என்று 1999ஆம் ஆண்டின் எக்ஸ்.எஸ்.எல்.டி. விதிநூலே எச்சரிக்கிறது. வெளுத்ததெல்லாம் பால் என்று கருதும் நிரலுக்கு, அழகுக்காக இட்ட வெற்றிடமும் கவிஞர் இட்ட வெற்றிடமும் ஒன்றே.

ஏட்டுச்சுவடியில் இடைவெளி ஏது, வரி முறிவு ஏது என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். சுவடியில் செய்யுள் அடி பிரியாமல், பெரும்பாலும் புள்ளியும் இன்றி ஓடும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் போன்றோர் அதிலிருந்து அடிகளைப் பிரித்தெடுக்க முடிந்ததற்கு யாப்பு ஒரு பெருந்துணை. குறள் வெண்பாவின் ஏழு சீர்களைக் கலைத்துப் போட்டாலும் அல்ல, ஒரே வரியாய் ஓடவிட்டாலும் நான்கும் மூன்றுமாய்ப் பிரித்துவிடலாம். எதுகையும் தளையும் வழிகாட்டும்.

புதுக்கவிதைக்கு அந்தக் காவல் இல்லை. 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் வளர்த்த அவ்வடிவத்தில், அடி எங்கே முறியும் என்பது கவிஞர் ஒருவருக்கே தெரியும். நம் துறையில் தட்டச்சு செய்த சிற்றிதழ்க் கவிதைகளை ஒரு நிறுவனம் எக்ஸ்.எம்.எல்.ஆக மாற்றித் தந்தது. திறந்து பார்த்தால் ஒவ்வொரு கவிதையும் உரைநடைப் பத்தியாகக் கிடந்தது. "ஓர் எழுத்தும் குறையவில்லையே" என்றனர். அதுவும் மெய்யே. அச்சுப்படி கையில் இருந்தவற்றை மீட்டோம். இரு கவிதைகள் இரவல் படியிலிருந்து தட்டச்சிட்டவை. அப்படி இன்று யாரிடம் உள்ளதென்று தெரியவில்லை. சொற்கள் அனைத்தும் நம்மிடம் உள்ளன, கவிதைகள் இல்லை.

இதற்குத் தீர்வு எளிது. அடியை வெற்றிடத்தின் பொறுப்பில் விடலாகாது. ஒவ்வோர் அடியையும் தனி உறுப்பாகவும், அடிகளின் தொகுதியை அதை உள்ளடக்கிய உறுப்பாகவும் பெயரிட்டுக் குறிக்க வேண்டும். நூற்குறியீட்டுக்காக 1987இல் தொடங்கப்பட்ட டி.இ.ஐ. நெறிமுறை இதற்கான உறுப்புகளை வகுத்தே வைத்துள்ளது. வெற்றிடத்தைக் காக்குமாறு 'எக்ஸ்.எம்.எல்:ஸ்பேஸ்' என்னும் பண்பில் சொல்லலாம். ஆனால் அது வேண்டுகோளே, எல்லா நிரலும் செவிசாய்க்கும் என்பதற்கு உறுதியில்லை. ஏற்றுமதியின்போது உள்தள்ளலை நிறுத்திவிடுவது நலம். பண்பு மதிப்புக்குள் வரி முறிவு தேவையெனில் அதை எண் வடிவக் குறியாக எழுதவேண்டும். அனைத்துக்கும் மேலாக, ஏற்றுமதிக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கவிதையின் அடிகளையும் எண்ணி ஒப்பிடவேண்டும். எழுத்துகளை மட்டும் எண்ணினால் போதாது.

மூலப்படியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே இந்த ஒப்பீட்டை முடித்துவிடுங்கள் என்பதே, இப்பணியில் இறங்கும் நண்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது.