டீசல் கார்களின் தாய்வீட்டில்

ஸ்டுட்கார்ட் மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வெள்ளிநிறப் பந்தயக் கார்களின் முன்னால்தான் நெடுநேரம் நிற்கிறார்கள். நான் அங்கே போனது ஒரு பழைய டாக்சிக்காக. 1976ஆம் ஆண்டின் 240 டி. கிரேக்க நாட்டின் தெசலோனிகியைச் சேர்ந்த கிரிகோரியோஸ் சாசினிடிஸ் என்ற டாக்சி ஓட்டுநர், அந்த வண்டியை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, 2004இல் அதைச் செய்த கம்பெனியிடமே ஒப்படைத்தார். நிலநடுக்கோட்டை ஒட்டி பூமியை ஒருமுறை சுற்றினால் 40,075 கிலோமீட்டர். அப்படி 114 சுற்றுக்கு மேல். இடையில் இன்ஜினைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் சாதனை கொஞ்சம் குறைந்துவிட்டதாகச் சிலருக்குத் தோன்றலாம். எனக்குக் கூடிவிட்டதாகத்தான் பட்டது. இரும்பு தானாக அவ்வளவு தூரம் ஓடாது. ஒருவர் ஆயில் மாற்றிக்கொண்டும், சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டும், தேய்ந்ததைக் கழற்றிக்கொண்டும் கூடவே இருந்தாக வேண்டும். அப்படி இருக்கிற ஆட்களைப் பார்க்கத்தான் நான் ஜெர்மனி வந்திருந்தேன்.

அவர்கள் உயிரை வைத்திருப்பது டபிள்யூ 123 என்ற வரிசையின் மேல். 1976 தொடங்கிப் பத்தாண்டுக் காலத்தில் ஏறக்குறைய 27 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. அன்றைய மேற்கு ஜெர்மனியில் டாக்சி என்றால் வெளிர் தந்த நிறத்தில் இந்த வண்டிதான் கண்முன் வரும். தொடக்க ஆண்டுகளில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தவர்கள் அவ்வளவு பேர். ஓராண்டு ஓடிய வண்டியைப் புதிய வண்டியின் விலைக்கே விற்க முடிந்தது. பிறகு ஜெர்மன் டாக்சிகளில் ஏராளமானவை மத்தியதரைக் கடலைத் தாண்டின. மொராக்கோவில் ஊர்விட்டு ஊர் போகும் பெரிய டாக்சியாக, முன்னால் இரண்டு பேர், பின்னால் நான்கு பேர் என்று ஆறு பயணிகளை ஏற்றிக்கொண்டு இவை பல பத்தாண்டுகள் உழைத்தன. பிறந்த ஊரில் தங்கிவிட்டவற்றின் கதை வேறு.

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு கிராமத்துச் சாப்பாட்டு விடுதியில், மாதத்துக்கு ஒரு மாலை, எப்போதும் அதே மேசையில் அவற்றைப் பேணுகிறவர்கள் கூடுகிறார்கள். ஷ்டாம்டிஷ் என்று பெயர். பருப்புக் குழம்பும் ஷ்பெட்ஸ்லெ என்ற மாவுப் பண்டமும் தட்டில் வர, பேச்சு நேராக கேஸ்கட்டுக்குப் போய்விட்டது. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் இளம்பெண் ஒருத்தி, நாற்பது ஆண்டுகள் டீசல் பம்பு வேலையிலேயே கழித்த ஒரு முதியவர், இன்னும் பலர். “உங்கள் ஊரில் இந்த மெர்சிடிஸ் நட்சத்திரம் உண்டா?” என்று முதியவர் கேட்டார். டாடா நிறுவனம் 1954 முதல் 1969 வரை மெர்சிடிஸ் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து லாரி செய்ததையும், எங்கள் நெடுஞ்சாலைகளில் மூக்கு நீண்ட அந்த லாரிகள் நட்சத்திரத்தோடு ஓடியதையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. பக்கத்திலிருந்தவரை நகரச் சொல்லி, எனக்குத் தன் அருகில் இடம் போட்டார்.

மறுநாள் காலை பேருந்து ஓட்டுநர் தன் 1978 மாடல் 240 டியில் என்னை ஏற்றிக்கொண்டார். சாவியைத் திருப்பினால் அந்த வண்டி கிளம்பாது. சாவி பூட்டைத்தான் திறக்கும். டேஷ்போர்டில் ஒரு குமிழ் இருக்கிறது. அதைப் பாதி இழுத்துப் பிடித்தால் ஹீட்டர் பிளக்குகள் சூடேறத் தொடங்கும். போதுமான சூடு ஏறிய பிறகு முழுக்க இழுத்தால் ஸ்டார்ட்டர் சுற்றும். குளிர்காலக் காலையில் இந்தக் காத்திருப்பு ஒரு நிமிடம்கூட ஆகுமாம். ருடால்ஃப் டீசல் நினைவு நிமிடம் என்று ஜெர்மன்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நிமிடத்தில் அவர் ரேடியோவைத் தொடவில்லை, பேசவில்லை. குமிழை இழுத்தார். இன்ஜின் ஒரு குலுக்கலோடு பிடித்துக்கொண்டு, தூரத்தில் ஓடும் நெல் அரவை மில் போல நிதானமான தாளத்துக்கு வந்தது.

ஏ 8 நெடுஞ்சாலையில் ஆக்ஸ்பர்க் நோக்கிப் போனோம். வேக வரம்பில்லாத பகுதிகளில் இடப்புறத் தடத்தில் கார்கள் பறந்தன. 65 குதிரைத்திறனும் நான்கு கியரும் கொண்ட எங்கள் வண்டி வலப்புறத் தடத்தில் தன் வேகத்தில் போனது. முழு மூச்சாக ஓடினாலும் 138 கிலோமீட்டர்தான் அதன் உச்சம். வழியில் சுவேபிய மலைத்தொடரின் விளிம்பு சுவராக எழுகிறது. மலைச்சரிவில் சாலை வளைந்து வளைந்து ஏறும் இடத்தில் மூன்றாவது கியருக்கு இறங்கி, லாரிகளின் பின்னால் சேர்ந்துகொண்டோம். பள்ளத்தாக்கும் பீச் மரக்காடும் கீழே விரிந்தன. “இவ்வளவு வேகத்தில் போனால்தான் இந்த மலை கண்ணுக்குத் தெரியும்” என்றார் அவர். முப்பது ஆண்டுகள் இதே மேட்டில் பேருந்து ஓட்டியவர் சொன்ன சொல்.

ஆக்ஸ்பர்க்கில்தான் ருடால்ஃப் டீசல் 1893 முதல் 1897 வரை தன் இன்ஜினை வேலை செய்ய வைக்கப் போராடினார். அழுத்திய காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டும், பொறி வேண்டாம் என்பது அவருடைய கணக்கு. 1913இல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியில் காணாமல் போனார். அந்த நகரின் விட்டல்ஸ்பாக்கர் பூங்காவில் அவர் நினைவாகக் கற்களால் ஆன ஒரு சிறு தோட்டம் இருக்கிறது. அதை அமைத்துக் கொடுத்தவர் ஜப்பானியர். சிறிய டீசல் இன்ஜினை உருவாக்கி யான்மர் நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய யாமாவோகா மாகோகிச்சி, டீசலுக்குத் தன் நன்றியாக 1957இல் அதை இந்த ஊருக்குக் கொடுத்தார். உலகின் மறுகோடியில் ஒருவருக்குத் தான் கற்ற தொழிலின் மேல் இவ்வளவு பற்று இருந்திருக்கிறது. பேருந்து ஓட்டுநர் ஒரு கல்லின் மேல் கிடந்த சருகுகளைக் கையால் தள்ளிவிட்டார்.

சனிக்கிழமை அவருடைய வீட்டுப் பழைய மாட்டுத்தொழுவத்தில் வால்வு சரிசெய்யும் வேலை. மாடுகள் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது அங்கே நான்கு வண்டிகள். ஷ்டாம்டிஷ் மேசையில் பார்த்தவர்களே மேலங்கி மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். 240 டியின் இன்ஜினில் நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. ஆறிய இன்ஜினில் இன்டேக் வால்வுக்கு 0.10 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.30 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். வளைந்த 14ஆம் நம்பர் ஸ்பேனர்கள் இரண்டும் ஃபீலர் கேஜும் போதும். இடைவெளி இறுகிவிட்டால் வால்வு முழுதாக மூடாது, அழுத்தம் குறையும், குளிர்காலையில் வண்டி கிளம்பாது. செவிலியப் பெண் ஃபீலர் கேஜை நுழைத்து இழுத்துப் பார்க்க, முதியவர் கண்ணை மூடிக்கொண்டு அதன் உரசலைக் கேட்டு, “இன்னும் கொஞ்சம் விடு” என்றார். அவள் விட்டாள்.

அன்று எனக்குக் கிடைத்த பாடங்களில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, இந்த இன்ஜின்களில் டீசல் நேராக சிலிண்டருக்குள் பீச்சப்படுவதில்லை. பக்கத்திலுள்ள சிறிய முன்னறையில் பீச்சப்பட்டு, அங்கே பற்றி, அதன் துளைகள் வழியாக உள்ளே பாய்கிறது. மன்ஹைமில் பென்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த புரோஸ்பர் லொராஞ்ச் 1909இல் காப்புரிமை பெற்ற யோசனை அது. எரிதல் மென்மையாகிறது, இன்ஜினுக்கு அடி குறைகிறது. நீண்ட ஆயுளுக்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது பாடத்தைத் தந்தது செவிலியப் பெண்ணின் 1983 மாடல் 200 டி. அதில் குமிழ் கிடையாது, சாவிதான். ஆனால் டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி இல்லாததால் கரண்டைத் துண்டித்தால் நிற்காது. எரிபொருளை நிறுத்த வேண்டும். சாவியைத் திருப்பினால் வெற்றிடக் குழாய் வழியாக ஓர் உறிஞ்சல் போய் பம்பை அடைக்கிறது. அந்த வெற்றிட அமைப்போடுதான் கதவுப் பூட்டுகளும் இணைந்திருக்கின்றன. அதனால் பின்கதவுப் பூட்டில் ஒரு ரப்பர் கிழிந்தாலும், சாவியை உருவிய பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்! பானட்டைத் திறந்தால் பம்பின் மேல் ஸ்டாப் என்று பொறித்த நெம்புகோல் ஒன்று இருக்கிறது. அதை அழுத்தினால் நிற்கும். இரவுப் பணி முடிந்து வந்த ஒரு நாள், மருத்துவமனை வாசலில் அப்படித்தான் நிறுத்தியதாகச் சொன்னாள். எந்தக் கதவு என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு குழாயாகக் கழற்றி, கைப்பம்பால் உறிஞ்சி, முள் இறங்குகிறதா என்று பார்த்தார்கள். வலது பின்கதவு. கம்ப்யூட்டர் வேண்டாம். பொறுமையும், கூட இருந்து பார்க்க இன்னொரு ஜோடிக் கண்ணும் போதும்.

இந்த வண்டிகளைக் கொல்வது இன்ஜின் கோளாறு அல்ல, துரு. குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு ஜாக்கி வைக்கும் இடங்களிலும், முன்சக்கர மட்கார்டுகளிலும், கண்ணாடி ரப்பருக்கு அடியிலும் புகுந்து தகட்டைத் தின்கிறது. அதனால் பலர் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் செல்லும் பருவகால நம்பர் பலகை வாங்குகிறார்கள். மற்ற மாதங்களில் வண்டி கொட்டகையில்தான். கட்டாயம் குளிர்காலத்திலும் ஓட்ட வேண்டிய செவிலியப் பெண் போன்றவர்கள், கொழுப்புக் குழம்பைச் சூடாக்கி உருக்கி, அடித்தகட்டின் உள்ளறைகளுக்குள் பீச்சுகிறார்கள். வேலை முடிந்ததும் தொழுவம் முழுக்க அந்த வாடை.

சட்டமும் இந்த வண்டிகளுக்கு ஒரு வழி விட்டிருக்கிறது. முப்பது வயதைக் கடந்து, பழைய வடிவம் மாறாமல் நல்ல நிலையில் இருப்பதாக நிபுணர் சான்று தந்தால், நம்பர் பலகையின் கடைசியில் ஒரு ஹெச் எழுத்து சேரும். 1997இல் வந்த ஏற்பாடு இது. ஹெச் எழுத்து இல்லாவிட்டால் 240 டிக்கு ஆண்டு வரி 900 யூரோவைத் தாண்டும், இருந்தால் 191.73 யூரோதான். மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் கிடக்கும் ஸ்டுட்கார்ட்டில் காற்று எளிதில் வெளியேறாது. 2019 ஜனவரி முதல் அங்கே யூரோ 4 புகைத்தரம் வரையிலான டீசல் கார்களுக்குத் தடை வந்தபோதும் ஹெச் வண்டிகளுக்கு விலக்கு கிடைத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுப் பழமையான காரை நம்பி வேலைக்குப் போனவர் அதைக் கண்டு கோபப்பட்டிருந்தால் அது நியாயம். முன்னறை டீசலின் புகையில் கரி இருக்கிறது. வண்டிக்குப் பின்னால் நின்றால் தொண்டை கரகரக்கிறது. இந்த விலக்கு சரியென்று நான் நினைப்பதற்கு ஒரே காரணம், அவை எண்ணிக்கையில் குறைந்தவை, பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வெளியே வருபவை. ஊருக்கே இவைதான் வண்டி என்றால் என் பதில் மாறிவிடும். அந்த மேசையில் இதை நான் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. பேருந்து ஓட்டுநர் நகருக்குள் போக இப்போது ரயிலில்தான் ஏறுகிறார்.

அக்டோபரில் மன்ஹைமில் கூடும் வெட்டராமா சந்தைக்கு எல்லோரும் சேர்ந்து போனோம். மைதானம் நிறைய பழைய உதிரி பாகங்கள்: சக்கர மூடிகள், ஜன்னல் கைப்பிடிகள், கடிகாரங்கள், கம்பிக் கட்டுகள், ஆயில் கறை படிந்த அட்டைப் பெட்டிகள். சேறு காலணியில் ஏறியது. செவிலியப் பெண் இடது மட்கார்டு ஒன்றைத் தட்டித் தட்டிப் பார்த்துப் பேரம் பேசினாள். பம்பு முதியவரோ நாசில் வைத்திருந்த கடைகளில் மட்டும் நின்றார். ஒவ்வொன்றையும் எடுத்து, ஊசியை உருவி, மீண்டும் உள்ளே விட்டு, அது தன் எடையிலேயே இறங்குகிறதா என்று கவனித்தார். ராபர்ட் போஷின் நிறுவனம் 1927இல் டீசல் பம்புகளைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யத் தொடங்கிய ஊர் ஸ்டுட்கார்ட். பம்பின் பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு இடைவெளிதான். டெஸ்ட் பெஞ்சில் வைத்து 115 பாருக்கு மேல் அழுத்தும்போது நாசில் கிறீச்சிட்டுப் புகையாகப் பீச்ச வேண்டும், சொட்டினால் குப்பைக்கு.

முதியவரின் நிலவறையில் இருக்கும் டெஸ்ட் பெஞ்சைப் பற்றித்தான் திரும்பும் வழியெல்லாம் பேச்சு. சந்தையில் ஒரு வியாபாரி அதற்கு நல்ல விலை கேட்டிருந்தார். முதியவருக்கு எண்பதை நெருங்குகிறது. நிலவறைப் படிகளில் ஏறி இறங்க முடியவில்லை. இரண்டு குளிர்காலங்களாக அவர் பம்பு வேலையைக் கற்றுத்தருவது செவிலியப் பெண்ணுக்கும் ஒரு பாலிடெக்னிக் மாணவனுக்கும்தான். “பெஞ்ச் உங்கள் இரண்டு பேருக்கு. எங்கே வைக்கப் போகிறீர்கள்?” என்றார். அவள் வாடகைக்கு எடுத்திருக்கும் காரேஜில் த்ரீ ஃபேஸ் கரண்ட் இல்லை. மாணவன் இருப்பது மூன்றாவது மாடியில். பேருந்து ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல், தொழுவத்தில் பால் கறக்கும் மெஷினுக்காகப் போட்ட த்ரீ ஃபேஸ் லைன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றார். நவம்பர் முடிவதற்குள் பெஞ்சை அங்கே கொண்டுவந்துவிடுவது என்று முடிவாயிற்று. அந்தப் படிகளில் அதைத் தூக்கிவர எத்தனை ஆள் வேண்டும், கயிறா உருளையா என்று அவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே விமான நிலையத்துக்குப் போகும் திருப்பம் வந்துவிட்டது.