செல் நம்பரை வைஃபை பாஸ்வேர்டாக வைக்கலாமா? ஒரு சின்னக் கணக்கு



பெரம்பலூர், அரியலூர் பக்கம் இப்போது கிராமங்களிலும் பல வீடுகளுக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது. லைன் இழுக்க வரும் தம்பி, "என்ன பாஸ்வேர்டு வைக்கட்டும்?" என்று கேட்கிறார். "நம்ம செல் நம்பரையே வச்சிடுப்பா, மறக்காது" என்கிறோம்.

இது சரியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓய்வு பெற்றாலும் கணக்கு வாத்தியார் கணக்கு வாத்தியார்தானே!

செல் எண்ணுக்கு 10 இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்று. மற்ற ஒன்பது இடங்களிலும் பத்துப் பத்து வாய்ப்பு. மொத்தம் 400 கோடி எண்கள். கேட்கப் பெரிசுதான்.

ஆனால் நம் போன் வைஃபையில் சேரும்போது போனும் ரூட்டரும் காற்றில் சில தகவல்களைப் பரிமாறிக்கொள்கின்றன. தெருவில் நிற்கும் ஒருவர் அதைப் பதிவு செய்துகொண்டால் போதும். பிறகு தன் வீட்டில் உட்கார்ந்தே ஒவ்வொரு எண்ணாகப் பொருத்திப் பார்க்கலாம். நம் ரூட்டருக்கு அது தெரியவே தெரியாது. கம்ப்யூட்டர் விளையாட்டுக்குப் போடும் கிராபிக்ஸ் கார்டு நொடிக்கு 4 லட்சம் எண்களைச் சோதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 400 கோடியை 4 லட்சத்தால் வகுத்தால் 10,000 நொடி. மூன்று மணி நேரம்கூட இல்லை! அந்த எண் கடைப் பலகையிலோ கல்யாணப் பத்திரிகையிலோ இருந்தால் இந்தச் சிரமமும் வேண்டாம்.

"என் நெட்டை எடுத்து என்ன செய்வான், ரெண்டு சினிமா பார்ப்பான்" என்று நினைக்காதீர்கள். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. போலீசார் தடம் பிடித்துப் போய் நின்ற இடம் நவி மும்பையில் ஓர் அமெரிக்கரின் வீடு. பூட்டாமல் கிடந்த அவருடைய வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். கணினிகள் பறிமுதலாகி, நீண்ட விசாரணைக்குப் பிறகுதான் அவருக்குத் தொடர்பில்லை என்று தெளிவானது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மும்பையில் ஒரு கல்லூரி, செப்டம்பரில் செம்பூரில் ஒரு நிறுவனம் என்று இதே கதை தொடர்ந்தது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அவர் வீட்டுக் கதவைத்தான் முதலில் தட்டுவார்கள்.

சரி, எதை வைக்கலாம்? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். முருங்கை, சைக்கிள், சுண்ணாம்பு, கோடாலி, மத்தளம் என்பது போல. (இதையே வைத்துவிடாதீர்கள்!) 2,000 சொற்களிலிருந்து குலுக்கிப் போட்டு ஐந்தை எடுத்தால், அதே கார்டு எல்லாவற்றையும் சோதித்து முடிக்க 2,500 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிள்ளைகள் பெயரும் குலதெய்வத்தின் பெயரும் வேண்டாம். அவை ஊருக்கே தெரியும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆன்லைன் பாடத்துக்குக் கேட்டால் மறுக்க நமக்கு மனசு வராது. மறுக்கவும் வேண்டாம். பல ரூட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற வசதி உண்டு. விருந்தாளிக்குத் திண்ணையைக் கொடுப்பது போலத்தான். நெட் கிடைக்கும், நம் கணினி, கேமரா பக்கம் வர முடியாது. ஆனால் அதுவும் நம் பெயரில் உள்ள இணைப்புதான். அதனால் அதற்கும் தனிப் பாஸ்வேர்டு வைத்து, தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

இன்னும் மூன்று வேலை: ரூட்டருக்குள் நுழையும் 'அட்மின்' பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 இருக்கட்டும். டபிள்யூபிஎஸ் என்பதை அணைத்துவிடுங்கள். அதன் 8 இலக்க எண்ணைப் பிடிக்க 11,000 முயற்சிகளே போதும் என்று 2011லேயே காட்டிவிட்டார்கள்.

சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பா அம்மா வீட்டு ரூட்டரில் பத்து நிமிடம் உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். புதுப் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் வைத்துக் கொடுங்கள்.

சரியா சார் என்று கேட்டு அதை எனக்கு அனுப்பிவிடாதீர்கள். இதற்கு மார்க் கிடையாது!

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்