எக்ஸ்டென்ஷன் எண் தெரியாதவர்கள்

எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த காலம். 2003 டிசம்பர். ஷா ஆலம் செக்‌ஷன் 15-இல் ஒரு தொழிற்சாலைக்கு ஆப்பரேட்டர் வேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் கிள்ளானிலிருந்து பஸ் ஏறிவிட்டேன். நம் ஊரில் ஆப்பரேட்டர் என்றால் இயந்திரத்தின் முன் நிற்கும் வேலை என்றுதானே நினைப்போம்? நானும் அப்படித்தான் போனேன். குளிர்சாதன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டார்கள்!

வேலை கற்றுக் கொடுத்தவர் ஒரு மலாய்க்கார அக்கா. எட்டு வெளி லைன்கள், அறுபதுக்கும் மேற்பட்ட எக்ஸ்டென்ஷன்கள். விளக்கு மினுக்கியதும் எடுத்து, யார் வேண்டும் என்று கேட்டு, காத்திருக்க வைத்து, எண்ணைத் தட்டி இணைக்க வேண்டும். உற்பத்திப் பிரிவில் நிற்பவர்களுக்கு எண் கிடையாது. அவசரமென்றால் ஒலிபெருக்கியில் கூப்பிடலாம். சுவரில் ஓர் அறிவிப்பு: தொலைபேசியில் மலாய், ஆங்கிலம் மட்டுமே.

பின்னாளில் இந்த வேலையைப் பற்றிப் படித்தேன். முதலில் பையன்களைத்தான் வைத்தார்களாம். அவர்கள் வாடிக்கையாளர்களையே திட்டியதால், 1878-இல் பாஸ்டன் நகரில் எம்மா நட் என்ற பெண்ணை அமர்த்தினார்கள். அப்போது தொலைபேசிக்கு எண்ணே இல்லை. பெயரைச் சொன்னால் ஆப்பரேட்டர் இணைப்பார். அமெரிக்காவின் லோவல் நகரில் அம்மை பரவியபோது, பெயர்களை அறிந்த ஆப்பரேட்டர்கள் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சிய ஒரு மருத்துவர்தான் எண் கொடுக்கச் சொன்னாராம். இதைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாவின் குரல்தான் நினைவுக்கு வந்தது.

ஜனவரி மாதம், ஒரு பிற்பகல். பொதுத் தொலைபேசியிலிருந்து அழைப்பு. பின்னால் ஒரே வாகன இரைச்சல்.

"சுங்கை ரெங்கம் கம்பெனியா? சின்னவனைக் கூப்பிடு கண்ணு."

ஷா ஆலம் 1978-இல் சிலாங்கூரின் தலைநகரானது. நகரம் உருவாகும் முன் இங்கே ரப்பரும் செம்பனையும்தான். சுங்கை ரெங்கம் என்பது அந்தத் தோட்டக் காலத்துப் பெயர். நான் மலாயில் பதில் சொன்னேன். அந்த அம்மா அழத் தொடங்கினார். அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறகு தமிழில் கேட்டேன்.

"அம்மா, மகன் பேரு என்னங்க?"

"சின்னவன்தான். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. அவங்க அப்பா கீழ விழுந்துட்டாரு, பேச்சு வரல. கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கோம்."

என்னிடம் இருந்த பட்டியலில் சின்னவன் ஏது? அதில் இருப்பதெல்லாம் அடையாளக் கார்டுப் பெயர்கள். சட்டென்று ஒரு யோசனை. பெயருக்குப் பின்னால் 'a/l' போட்டு அப்பா பெயர் இருக்குமே!

"அப்பா பேரு சொல்லுங்கம்மா."

பதில் இல்லை. காசு இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது. புருஷன் பெயரை எப்படி வாயால் சொல்வார்? என் பாட்டியும் கடைசிவரை சொன்னதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டும் இந்த வைராக்கியமா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

"மலை மேல, கோவணத்தோட நிக்கிறாரே, அந்தச் சாமி ஊரு..." என்றார். லைன் அறுந்துவிட்டது.

அந்தப் போனுக்குத் திரும்ப அழைக்க வழியில்லை. பட்டியலை விரலால் தடவிக்கொண்டே போனேன். அப்பா பெயர் 'பழனி' என்று தொடங்குபவர்கள் இருவர். ஒருவர் இரவு ஷிஃப்டு. மற்றவரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டேன், தமிழிலேயே. ஐந்து நிமிடத்தில் கையுறையோடு ஓடி வந்தார். முப்பது வயதிருக்கும்.

"அண்ணே, உங்களை வீட்டில சின்னவன்னு கூப்பிடுவாங்களா?"

முகம் வெளுத்துவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் கையுறைகளை என் மேசைமேல் போட்டுவிட்டு ஓடினார்.

மாலையில் நிர்வாகி அழைத்தார். ஒலிபெருக்கியில் தமிழ் பேசியதற்கு எச்சரிக்கைக் கடிதம். அந்த அம்மாவுக்கு வேறு மொழி தெரியாது என்றேன். ஒலிபெருக்கியில் கேட்டவருக்குத் தெரியுமே என்றார். அது நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. பதற்றத்தில் வாயில் வந்தது தமிழ், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து அந்த அண்ணன் கையுறையைக் கேட்டு வந்தார். அப்பாவுக்கு இடப்பக்கம் வரவில்லை, ஆனால் கண் விழித்துவிட்டார், பேச முயல்கிறார் என்றார். போகும்போது திரும்பி நின்றார்.

"தங்கச்சி, எங்கம்மா அப்பா பேர உங்ககிட்ட சொல்லிட்டாங்களா?"

"இல்லண்ணே. ஊரைத்தான் சொன்னாங்க."

"அதானே பார்த்தேன்," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.