விமானம் ரத்து... கைகொடுக்கும் திண்டுக்கல் ஜங்ஷன்!

அதிகாலை 4 மணி. திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் ஒரு வீடு. கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறார் அப்பா. பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர் இல்லையா! அம்மா கையில் ஒயர்கூடை. அதில் பிரசவ லேகியம், பத்து நாள் மாத்திரை, தலையில் வைத்ததுபோக மீதி மல்லிகைச் சரம். சிறுமலை வாழைப்பழச் சீப்பு பெரிய பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே இருக்கிறது. டெல்லியில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நான்கே நாள். மதுரையில் விமானம் ஏறி, சென்னையில் மாறி, மதியத்துக்குள் டெல்லி போய்ச் சேருவதாக ஏற்பாடு.

இந்தத் தம்பதி கற்பனைதான். ஆனால் இப்படிக் கிளம்பும் வீடுகள் திண்டுக்கல்லில் ஏராளம். 2014-ல் மாநகராட்சி ஆன ஊர் இது. பிரியாணிக்கும் பூட்டுக்கும் உலகப் புகழ் உண்டு. விமான நிலையம் மட்டும் கிடையாது. மதுரைக்குப் போனால் சுமார் 75 கிலோமீட்டர். மணப்பாறை வழியாகத் திருச்சிக்குப் போனால் 100. ஒட்டன்சத்திரம், பழனி தாண்டிக் கோவைக்குப் போனால் 150-க்கு மேல். எதற்குப் போனாலும், திண்டுக்கல்காரருக்கு விமானப் பயணம் என்பது முதலில் ஒரு கார் பயணம்தான்.

அந்தக் கார் பயணம் அழகானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு வழிச்சாலையில் மதுரையை நோக்கித் திரும்பியதும் இடதுபுறம் சிறுமலை கூடவே வரும். வலதுபுறம் தூரத்தில் கொடைக்கானல் மலை நீலமாகக் கிடக்கும். சின்னாளபட்டி கடந்தால் சுங்கடிச் சேலை நினைவு. கொடைரோடு நெருங்கினால் திராட்சைப் பந்தல்கள். வாடிப்பட்டி, சமயநல்லூர் தாண்டி, மதுரைக்குள் நுழையாமல் புறவழிச்சாலையில் வைகையைக் கடந்து, கப்பலூர் வரை போய்ச் சுற்றிக்கொண்டுதான் விமான நிலையத்தை அடைய வேண்டும். ஊருக்கு வடக்கிலிருந்து வருகிறவருக்கு விமான நிலையம் ஊரின் தென்கோடியில் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் சாதாரணமாக ஆகும்.

இந்த ஒன்றரை மணி நேரத்தில் எந்த இடத்தில் போனில் ‘டிங்’ என்று மெசேஜ் வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து நடப்பதெல்லாம்.

வீட்டு வாசலிலேயே வந்துவிட்டால் பெரிய பிரச்னை இல்லை. காருக்குச் சொன்னதை ரத்து செய்யலாம், ஜங்ஷனில் விசாரிக்கலாம். கொடைரோடு சுங்கச்சாவடியில் வந்தாலும் மோசமில்லை. பக்கத்திலேயே கொடைக்கானல் ரோடு ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் பல நேரம் அந்த மெசேஜ் வருவதே இல்லை, அல்லது வேறு யாருக்கோ போய்விடுகிறது. காரணம் எளிது. டிராவல்ஸில் டிக்கெட் போடும்போது சில இடங்களில் அவர்கள் நம்பரையே கொடுத்துவிடுகிறார்கள். விடிகாலை 5 மணிக்கு அந்த போன் தலையணைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொடர்பு விவரம் சரியாகத் தராத பயணிக்கு, ரத்துக்கான இழப்பீடு தர வேண்டியதில்லை என்று விதியே சொல்கிறது. டிக்கெட்டில் சொந்த நம்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அரை நிமிட வேலை.

நம் தம்பதிக்கு மெசேஜ் வரவில்லை. பெட்டியைப் போட்டு, பாதுகாப்புச் சோதனை முடித்து, கண்ணாடிச் சுவர் ஓரம் உட்கார்ந்த பிறகு பலகையில் ‘தாமதம்’ என்று வருகிறது. முதலில் ஒரு மணி நேரம். பிறகு இரண்டு. பிறகு நேரமே போடவில்லை.

இங்கே விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் விதிகளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். மதுரை - சென்னை போன்ற குறுகிய பயணத்தில் தாமதம் 2 மணி நேரத்தைத் தொட்டால் சாப்பாடும் சிற்றுண்டியும் விமான நிறுவனத்தின் பொறுப்பு. கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்காதவர்களுக்குப் பல நேரம் கிடைப்பதும் இல்லை. தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் வேறு விமானம் அல்லது முழுப் பணம், பயணி எதைக் கேட்கிறாரோ அது. 24 மணி நேரத்துக்கு மேல் போனால் தங்கும் விடுதி. இரவு 8 மணி முதல் விடிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் விடுதி உண்டு.

ஆனால், எவ்வளவு நேரம் காக்க வைத்தாலும் தாமதத்துக்கென்று ரொக்க இழப்பீடு எதுவும் இந்த விதிகளில் கிடையாது. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் விமானம் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை கேட்கலாம் என்று அங்கே சட்டம் இருக்கிறது. நம் ஊரில் அந்த இடத்தில் ஒரு சாண்ட்விச்சும் ஜூஸும். இது நியாயமாகப் படவில்லை என்றால் அதில் தவறில்லை.

ரத்து என்றால் கதை வேறு. முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், ‘அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை; இவற்றில் எது குறைவோ அது’ என்று ஒரு வால் உண்டு. மூன்றாயிரம் ரூபாய் டிக்கெட்டுக்கு 7,500 ரூபாய் வராது. புயல், விமான நிலையம் மூடல் போன்ற அசாதாரணக் காரணம் என்றால் இழப்பீடே இல்லை. 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையத்தின் ஓடுபாதை குளமானது. அன்று ரத்தானவர்களுக்கு வேறு விமானம் அல்லது டிக்கெட் பணம், அவ்வளவுதான்.

2025 டிசம்பர் முதல் வாரம் நடந்தது புயலால் அல்ல. விமானிகளுக்கு வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி, இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையைக் குறைக்கும் புது விதிகள் நவம்பர் 1-ம் தேதி முழுமையாக அமலுக்கு வந்தன. அதற்கேற்ற ஆள் ஏற்பாடு இண்டிகோ நிறுவனத்திடம் இல்லை. டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்றே நாளில் 2,507 விமானங்கள் ரத்து. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் நடுவழியில். சபரிமலை சீசன், கார்த்திகை மாதக் கல்யாணங்கள் எல்லாம் ஒன்றாக வந்த வாரம் அது. மற்ற நிறுவனங்களின் டிக்கெட் விலை தாறுமாறாக ஏறியதும், 6-ம் தேதி மத்திய அரசு உச்சவரம்பு கொண்டுவந்தது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. பயணியைப் பிரிந்து எங்கோ தங்கிப்போன பெட்டிகளை 48 மணி நேரத்துக்குள் வீட்டில் சேர்க்க வேண்டும் என்றும் உத்தரவானது. பிறகு விசாரணை நடந்து, அந்த நிறுவனத்துக்கு 22 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம்.

அந்த வாரம் ரயில்வே 37 ரயில்களில் 116 பெட்டிகளைக் கூடுதலாக இணைத்தது. வானம் கைவிட்டபோது தண்டவாளம் தாங்கியது. திண்டுக்கல்லின் அதிர்ஷ்டமும் இதில்தான் இருக்கிறது. மதுரை, திருச்சி, கரூர், பழனி என நான்கு பக்கமும் பாதை பிரியும் ஜங்ஷன் இது. நெல்லை, நாகர்கோவிலிலிருந்து சென்னை போகும் வந்தே பாரத் ரயில்கள் இங்கே நிற்கின்றன. மதுரை - பெங்களூரு வந்தே பாரத்தும் நிற்கிறது. 1977 முதல் ஓடும் வைகை இருக்கிறது. இரவுக்குப் பாண்டியன் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு விமானத்தில் போவதே கொஞ்சம் வீண் பெருமைதான். காரில் ஒன்றரை மணி நேரம், முன்னதாகப் போய்க் காத்திருக்க இரண்டு மணி நேரம், வானில் ஒன்றேகால் மணி, இறங்கிப் பெட்டி எடுக்க அரை மணி. கூட்டிப் பார்த்தால் வந்தே பாரத் கிட்டத்தட்ட அதே நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது, காலை நீட்டிக்கொண்டு.

டெல்லிக்கு அப்படிச் சொல்ல முடியாது. ரயிலில் இரண்டு இரவு ஆகும். பிரசவ தேதி காத்திருக்குமா?

பதினொரு மணிக்கு ‘ரத்து’ என்று அறிவிப்பு வருகிறது. கவுன்டர் முன்னால் நூறு பேர். அப்பா அவசரப்பட்டு போனில் ‘கேன்சல்’ பட்டனை அழுத்தப் போகிறார். அதைச் செய்யவே கூடாது. பயணி தானாக ரத்து செய்தால் ரத்துக் கட்டணம் பிடிப்பார்கள். நிறுவனம் ரத்து செய்தால் முழுப் பணமும் வர வேண்டும். கார்டில் கட்டியிருந்தால் 7 நாளைக்குள். ரத்து அறிவிப்பை அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வதும், ரத்துச் சான்று கேட்டு வாங்கிக்கொள்வதும் பின்னால் பேசும்.

அம்மாவுக்கு ஒரு யோசனை. “ஏங்க, சென்னைக்கு நாம ரயில்ல போயிடுவோம். அங்கேயிருந்து டெல்லி பிளைட்டுல ஏறிக்கலாம்ல?” நல்ல யோசனைதான். ஆனால் சொல்லாமல் செய்தால் ஆபத்து. ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானம் இருந்து, முதல் விமானத்தில் ஏறவில்லை என்று பதிவானால், இரண்டாவது தானாகவே ரத்தாகிவிடும். அதனால் கவுன்டரில் சொல்லி, நாளைக் காலை சென்னை - டெல்லி விமானத்துக்கு டிக்கெட்டை மாற்றி, அதை மெயிலிலோ மெசேஜிலோ எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால் நிலைமை இன்னும் சிக்கல். வேறு நிறுவனமாக இருந்தால், முதல் விமானம் ரத்தான கதையைக் கேட்க இரண்டாவது நிறுவனத்துக்குக் கடமை இல்லை. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கத் தனித்தனியாக எடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

பெட்டி திரும்பி வர மேலும் ஒன்றரை மணி நேரம். மாத்திரையும் லேகியமும் ஒயர்கூடையில் கையோடு இருந்ததால் அம்மாவுக்குப் பதற்றம் இல்லை. பெட்டிக்குள் வாழைப்பழம் மட்டும் நசுங்கி, அப்பாவின் வெள்ளைச் சட்டையில் மணக்கிறது.

திரும்பும் காரில் அப்பா கணக்குப் போடுகிறார். போக ஒரு கார், வர ஒரு கார், ரயில் டிக்கெட், ஒரு நாள் இழப்பு. டி.ஜி.சி.ஏ. விதி இதையெல்லாம் தொடாது; அது விமான டிக்கெட்டோடு நின்றுவிடும். இதைக் கேட்க வேறு இடம் உண்டு. முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். பிறகு மத்திய அரசின் ‘ஏர்சேவா’ ஆப். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. அதிலும் தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். அலுவலகம் டெல்லியில் இருக்கும் நிறுவனமாக இருந்தாலும், பயணி குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அதாவது, திண்டுக்கல் மாவட்ட ஆணையத்திலேயே. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கார் ரசீது, சாப்பாட்டு பில், மெசேஜ் எல்லாம் அங்கேதான் உதவும். அப்பா கார் டிரைவரிடம் ரசீது கேட்கிறார். “இதுக்கெல்லாமா சார் ரசீது?” என்று சிரித்தாலும் எழுதிக் கொடுக்கிறார் அவர்.

ஜங்ஷனில் கூட்டம். காவி வேட்டியும் துளசி மாலையுமாகச் சாமிகள் ஒரு பக்கம், பழனிக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். முதல் நாள் காலையிலேயே திறந்து மூடிய தத்கல் போயே போய்விட்டது. ஆனால் சார்ட் போட்ட பிறகு காலியாக இருக்கும் இடங்களுக்கு கரன்ட் புக்கிங் உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. கவுன்டரில் கேட்டதில் பாண்டியனில் இரண்டு இடம் கிடைக்கிறது. இரண்டும் மேல் பெர்த்.

இரவு ஒன்பதரை. பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது டெல்லியிலிருந்து போன்.

“எங்கம்மா இருக்க? இறங்கிட்டியா?”

“திண்டுக்கல்லதான்டி இருக்கேன்.”

“காலையில நாலு மணிக்கே கிளம்பிட்டேன்னு அப்பா சொன்னாரு?”

“கிளம்பிதான் போனோம். திரும்பி வந்துட்டோம். நாளைக்கு மத்தியானம் வந்திருவோம், அதுவரைக்கும் படியில ஏறி இறங்காம இரு. அப்புறம், பழம் கொண்டு வரல. நசுங்கிப்போச்சு.”

அப்பா டீ கிளாஸை வைத்துவிட்டு, இரண்டு மேல் பெர்த்தில் ஒன்றையாவது கீழ் பெர்த்தாக மாற்றித்தர யாராவது இருக்கிறார்களா என்று எதிரே நிற்கிற பையனின் முகத்தைப் பார்க்கிறார்.